எண்பத்து நான்கு திருகாணிகள்

எனக்கு நன்றாக எண்ணத் தெரியும். எதை எண்ணவேண்டும் என்பதுதான் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள எழுபத்தொன்பது வயது ஆகியிருக்கிறது.

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் இருந்தோம், அம்மாவும் நானும். கூடத்துச் சுவர் மழைக்காலம் முழுவதும் ஈரம் கசியும். சுண்ணாம்பு அடித்தால் ஒன்பதாவது நாள் உரிந்துவிடும். அந்தச் சமயம் பார்த்து என் ஆபீசர் ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வருவதாகச் சொன்னார். (ஹெட்கிளார்க் நாற்காலி காலியாக இருந்தது. ஆளை வீட்டில் வைத்து எடைபோடுவது அவர் வழக்கம்.) ஆபீசில் அவர் அறைச் சுவர் முழுக்க வழவழவென்று மரப்பலகை. எனக்குப் புத்தி அப்படிப் போயிற்று.

தச்சரைக் கூப்பிடவில்லை. அவர் அளவில் எனக்கு நம்பிக்கை இல்லை. சனிக்கிழமை லீவு போட்டு, சுவரில் மரச் சட்டம் அடித்து, இடைவெளியில் பழைய செய்தித்தாள்களைத் திணித்து, ஆறு பிளைவுட் பலகைகளை எண்பத்து நான்கு திருகாணிகளால் முடுக்கினேன். விரலில் மூன்று காயம்.

"அந்தச் சுவரா?" என்றாள் அம்மா. வேறொன்றும் சொல்லவில்லை. என் கைத்திறமையில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நினைத்தேன்.

சுவருக்கு அப்பால் அலமேலு மாமி. பதினோரு வருஷமாக விடிகாலையில் அங்கிருந்து இரண்டு தட்டு கேட்கும். சில நாள் நான்கு. படுத்தபடியே எண்ணுவேன். (மாமி இஞ்சி தட்டுகிறாள் என்பது என் முடிவு.)

ஞாயிறு காலை குழாய்த் தண்ணீர் முக்கால் மணி வந்து நின்றுவிட்டிருந்தது. அம்மா அந்த நேரத்துக்கு எழுந்திருக்கவே இல்லை. வீட்டில் ஒன்றரைச் சொம்புதான் மிச்சம். மாமியிடம் ஒரு வாளி கேளேன் என்றேன். மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு சொம்பு காபிக்குப் போயிற்று. ஆபீசர் கை கழுவக் கேட்டபோது தீர்த்தம் கொடுப்பதுபோல் ஐந்து சொட்டு விட்டேன். அவர் பலகையைப் பார்த்தார். நானே செய்தேன் என்றேன். எழுந்து விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

உள்ளிருந்து அம்மா வாளியோடு ஓடி வந்தாள். "தண்ணி வந்துடுத்தா, அலமு?"

ஆபீசரின் விரலைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

இரண்டு தட்டினால் தண்ணீர். நான்கு தட்டினால் வாசலுக்கு வா, சமாசாரம் இருக்கிறது. அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஆபீசர் போனதும் அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், பின்னாலேயே நானும். மாமி எங்களை உள்ளே கூப்பிடவில்லை.

"தண்ணிக்குத் தட்டினேன், பதில் இல்லை. அப்புறம் நாலு தட்டினேன். டோம்பிவிலியில வீடு அமைஞ்சுடுத்து, முதல்ல உங்கிட்டதான் சொல்லணும்னு இருந்தேன். நேத்தி பூரா சுத்தியல் சத்தம். நான் தட்டறது வேண்டாம்னா வாயால சொல்லியிருக்கலாமே."

"பலகையைத் தாண்டியும் கேக்கும்னு நினைச்சேன்டி, நீதான் தட்டலைன்னு கோவிச்சுண்டேன். இவனுக்கு உத்யோகம் உசரணுமேன்னு வாயை மூடிண்டிருந்தேன்."

"அப்படியே இருந்துக்கோ."

அந்த மாதமே அவர்கள் வீடு மாறினார்கள். உத்யோகம் வேறொருவருக்குப் போயிற்று. டோம்பிவிலி ரயிலில் ஒன்றேகால் மணிதான். அம்மா போகவில்லை, மாமியும் வரவில்லை.

பலகைகளைக் கழற்றினேன். எண்பத்து மூன்று திருகாணிகள் திரும்பக் கிடைத்தன. அம்மா கரண்டிக் காம்பால் சுவரில் நான்கு தட்டினாள். சற்று நேரத்தில் புதுக் குடித்தனக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்று, ரிப்பேர் வேலை எப்போது முடியும் என்று ஹிந்தியில் மரியாதையாகக் கேட்டார்.

இப்போதும் கூப்பிட்டதற்கு நான் பதில் சொல்லாவிட்டால், "அப்பா பலகை அடிச்சுண்டுட்டார்" என்பாள் என் பெண். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். அம்மாவும் இருந்தவரை சிரித்தாள். ஆனால் கடைசிவரை அந்தச் சுவரோரம்தான் படுத்தாள்.