வெள்ளிக்கிழமைச் சங்கு

"இது ஒண்ணுதான் பாக்கி" என்று சொல்லிக்கொண்ட இன்பராஜுக்கு, அந்த ஒன்றை நீக்கத்தான் கை வரவில்லை.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரன் புது நிபந்தனை போட்டிருந்தான். பராமரிக்க ஆளில்லாத மென்பொருள் ஒன்றுகூட இருக்கக்கூடாது. அதன் வழியாகத் திருடன் புகுந்துவிடுவானாம். சோதிக்கச் சென்னையிலிருந்து வந்த ஆடிட்டர் ஜாஸ்மின், மேனேஜர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் ஷபீ அஹமது காலையிலேயே சொல்லிவிட்டார்: "பழசு ஒண்ணு அவங்க கண்ல பட்டாலும், அதோட சேர்ந்து நீயும் கெளம்பிடு."

மிச்சமிருந்தது, கம்பெனிச் சங்கை நேரத்துக்கு ஊதவைக்கும் மென்பொருள். எழுதிக் கொடுத்த வாலாஜாபேட்டைக் கம்பெனி மூடிப் பல வருடமாகிறது. ஆனால் என்ன மூளை அதற்கு! தினமும் சாப்பாட்டுச் சங்கு ஒரு மணிக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆ தொழுகைக்காகப் பன்னிரண்டரைக்கே. ரம்ஜான் மாதம் பிறந்தால் தானாகவே நேரத்தை மாற்றிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமாக இன்பராஜ் அதைத் தொட்டதே இல்லை. தூரத்திலிருந்து கும்பிட்டதோடு சரி.

இன்று வெள்ளிக்கிழமை. மணி 12.20. தரை துடைத்துக்கொண்டிருந்த விஜயகுமாரியைக் கூப்பிட்டான்.

"அக்கா, வாசல்ல நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் யாரையும் உள்ள உடாதீங்க. நீங்களும் நகராதீங்க."

"சார், பன்னெண்டரைக்கு எனக்கு ஒரு வேலை..."

"இன்னா வேலையா இருந்தாலும் அப்பறம்!"

கண்ணை மூடிக்கொண்டு நீக்கினான்.

12.30. சங்கு ஊதவில்லை. 12.33-க்குப் போன் வந்தது.

"இன்னா இன்பராஜ், சங்கு எங்க? தொழுகைக்கு நேரமாவுது!" என்றார் ஷபீ.

சங்கு ஊதாமல் எழுந்தால் அரை நாள் சம்பளம் பிடிப்பு என்பது கம்பெனிச் சட்டம். அறுநூறு பேரும் தைத்துக்கொண்டே இருந்தார்கள். இன்பராஜ் மைக்கைப் பிடித்தான்.

"இன்னிக்கு சங்கு இல்ல, சாப்பாட்டுக்குப் போங்க!"

மெஷின் இரைச்சலில் அது தையல் லைனுக்கு இப்படித்தான் போய்ச் சேர்ந்தது: "இன்னிக்கு இல்ல சாப்பாடு."

கூச்சல் கிளம்பியது. பயந்துபோன இன்பராஜ் தீ மணியை அழுத்தினான். அறுநூறு பேரும் மைதானத்துக்கு ஓடி வந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று மூச்சு விடுவதற்குள் வாட்ச்மேன் பாண்டியன் கேட்டைப் பூட்டிவிட்டார். தீ மணி அடித்தால் தலை எண்ணி முடிக்காமல் ஒருவரையும் வெளியே விடக்கூடாது, அதுவும் சட்டம்தான். குல்லா மாட்டிய ஆட்கள் கேட்டைப் பிடித்து உலுக்கினார்கள்.

"சார், நான் போய்..." என்றாள் விஜயகுமாரி. தீ மணிக்கும் அவள் வாசலை விட்டு நகரவில்லை.

"நகராதீங்கன்னு சொன்னேன்ல!"

இனி ஒரே வழிதான். நீக்கியதைத் திரும்பப் போடுவது. பென் டிரைவில் நகல் இருந்தது. வைரஸ் தடுப்பு அதை உள்ளே விட மறுத்தது, அதையும் அணைத்தான். வியர்வை கீபோர்டில் சொட்டியது. பட்டனைத் தட்டினான். சத்தமே இல்லை. இன்னொரு தடவை ஓங்கித் தட்டினான்.

"உள்ள போவக் கூடாதும்மா, சார் சொல்லியிருக்காரு."

வாசலில் துடைப்பத்தைக் குறுக்கே நீட்டிய விஜயகுமாரியைத் தாண்டி ஜாஸ்மின் உள்ளே வந்தார். பின்னால் ஷபீ.

"பென் டிரைவ். வைரஸ் தடுப்பு ஆஃப். ஆளில்லாத மென்பொருள்" என்று ஜாஸ்மின் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். "இத்தனையும் ஒரே டேபிள்ல நான் பார்த்ததே இல்ல."

இன்பராஜுக்கு அழுகை வந்துவிட்டது. "மேடம், இது இல்லன்னா அறுநூறு பேருக்கு தொழுகையும் இல்ல, சாப்பாடும் இல்ல. இந்தக் கம்பெனியே இதை நம்பித்தான் நடக்குது!"

விஜயகுமாரி வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தாள்.

"சார், அது செத்து நாலு வருஷம் ஆவுது. ஜெனரேட்டர் ரூம்ல சுவிட்ச்ச தட்டி தெனமும் சங்கு ஊதுறது நான்தான். இப்பவாவது போவட்டா?"