பையக் கொத்தனார் பெயர்த்த ஸ்கர்ட்டிங்

திண்டுக்கல்லில் பெயர்க்கிற வேலைக்குச் சுத்தியல் இல்லாமல் வந்த ஒரே மனிதர் பையக் கொத்தனார்தான். எதற்கும் 'பைய, பைய' என்பார். அவருடைய இயற்பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. தாடிக்கொம்பிலிருந்து வந்துபோவார் என்பது மட்டும் தெரியும்.

என் மனைவி ஹால் டைல்ஸில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பில் ஆபரேஷன் முடிந்து, மதுரையில் மகள் வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை அழைத்து வருவதாகச் சொன்ன மகள், தரை வழுக்கினால் அதே காரில் திரும்பக் கொண்டுபோய்விடுவேன் என்றாள். அவள் சொன்னால் செய்வாள். ஆகவே டைல்ஸின் மேலேயே வழுக்காத வினைல் பலகை போட ஏற்பாடு செய்தேன். திங்கட்கிழமை வந்த கொத்தனார், சுவரடியில் நாலு விரல் உயரத்துக்கு ஒட்டியிருந்த டைல்ஸ் பட்டையான ஸ்கர்ட்டிங்கை முதலில் எடுக்க வேண்டும் என்றார். அதை ஒட்டியே போட்டுவிடலாமே என்றேன்.

"வெயில்ல பலகை நீளும் சார். செவுத்தோரம் கொஞ்சூண்டு எடம் விடணும். விடலைன்னா நடுவுல தூக்கிக்கிட்டு நிக்கும், யாரா இருந்தாலும் தடுக்கி விழுவாங்கல்ல."

யாராக இருந்தாலும் என்ற பொதுக் கணக்கில் சொன்னார். என் வீட்டு நிலவரம் அவருக்குத் தெரியாது.

மொத்தம் எழுபத்து நான்கு துண்டுகள். ஒவ்வொன்றையும் விரலால் தட்டி, சுவரில் காது வைத்துக் கேட்பார். அதற்காக மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். நான் தும்மினேன், தட்டியதையே மறுபடி முதலிலிருந்து தட்டினார். பிறகு இடுக்கில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகி, "வா சாமி" என்று கெஞ்சுவார். முதல் நாள் ஒன்பது வந்தது. இப்படியே போனால் எட்டு நாள் போக இரண்டு துண்டு மிச்சம்.

செவ்வாய்க்கிழமை பதினொன்று வந்தது. அவர் டீ குடிக்கப் போனபோது நானே ஸ்க்ரூடிரைவரை விட்டு ஒன்றை நெம்பினேன். மூன்று துண்டாக உடைந்தது. கூடவே சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுவர்ப் பூச்சும் விழுந்தது. திரும்பி வந்தவர் தலைத்துண்டை அவிழ்த்து, உடைந்ததன் மேல் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் அங்குட்டுப் போனதும் அதுகிட்ட என்ன சார் பேசுனீங்க?"

நான் ஸ்க்ரூடிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"யாருக்கு சார் இம்புட்டு அவசரம்?"

சொன்னேன். ஆபரேஷன், சனிக்கிழமை, மகளின் கார், எல்லாவற்றையும். அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் ஆறு மணிக்கே வந்தார். தட்டவில்லை, கெஞ்சவில்லை. மதியத்துக்குள் மீதி ஐம்பத்து மூன்றும் முழுசாகச் சுவரோரம் சாய்ந்து நின்றன. இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று எரிந்து விழுந்தேன்.

"ஒத்தையா இருக்கீங்க. எந்நேரமும் எதையாச்சும் எண்ணிக்கிட்டே இருக்கீங்க. சீக்கிரம் முடிச்சிட்டுப் போயிட்டா பேச்சுத் துணைக்கு யாரு இருக்கான்னுதான் சார்..."

வியாழன் பலகை. வெள்ளி ஸ்கர்ட்டிங்கைத் திரும்ப ஒட்டினார், ஒன்று குறைந்த இடம் பீரோவுக்குப் பின்னால் மறைந்தது.

சனிக்கிழமை மனைவி வாக்கரோடு உள்ளே வந்து, சமையலறை வரை போய், திரும்பி வந்தாள். மகள் கார்ச் சாவியைக் கைப்பைக்குள் போட்டாள். நிமிர்ந்து பார்த்தால், வாசலில் கொத்தனார். இந்தப் பக்கமாகப் போனேன், அதான், என்றார்.

எங்கள் தெரு முட்டுச் சந்து. எங்கள் வீடு கடைசி.