ஏலக்காய்ப் பச்சை

"என்ன தம்பி, என் ஏலக்காய் இப்படி வெளிறிக் கெடக்கு?"

போடி பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஜெபராஜ், தன் வீட்டு டிவியைக் காட்டிக் கேட்டார். மூத்த மகளின் கல்யாண வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அவர் பெருமையாகப் போட்ட ஏலக்காய் மாலைகள் வைக்கோல் நிறத்தில் தொங்கின.

"பழைய சரக்கக் கோத்துட்டேன்னுல பேசுவாக? நான் பஜார்ல தலகாட்ட முடியுமா?"

வீடியோ எடுத்த விஜய்ராஜுக்கு வியர்த்தது. தேனியில் அவன் ஸ்டூடியோ திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இது நன்றாக அமைந்தால் சின்னவள் ஷெரின் கல்யாணமும் அவனுக்கே என்று ஜெபராஜ் சொல்லியிருந்தார். அந்த ஆர்டரும் போனால் ஸ்டூடியோவைப் பூட்ட வேண்டியதுதான்.

"என் கம்ப்யூட்டர்ல பச்சையாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. சாஃப்ட்வேர்ல காமான்னு ஒண்ணு இருக்கு. வெளிச்சத்தக் கூட்டிக் குறைக்கிறது. அதத் திருகிட்டா முடிஞ்சுது."

காமா என்ன லேசுப்பட்ட ஆசாமியா? ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் தலையைத் தூக்கும். மறுநாள் ஏலக்காய் பச்சையாக வந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட மாப்பிள்ளைதான் இருட்டில் கரைந்துவிட்டார். டை மட்டும் தனியாக நடந்து வந்தது.

"எங்க அத்தானக் காணோமே!" என்றாள் ஷெரின்.

டீ கொண்டுவந்த பவுனு வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டில் வேலை பார்ப்பவள். விஜய்ராஜுக்கு அவமானமாக இருந்தது. ஷெரின் சிரித்ததில் மட்டும் ஏனோ கோபம் வரவில்லை.

"கறுப்புக்கும் வெள்ளைக்கும் எல்லை வைக்கிற கலர் ரேஞ்சு மாறியிருக்கும். ஃபுல்லுன்னு வெச்சா சரியாயிரும்."

ஃபுல் என்று வைத்தான். மணப்பெண்ணின் வெள்ளைச் சேலையும் சர்ச்சின் வெள்ளைச் சுவரும் ஒன்றாகிப் போயின.

"அக்கா தலையும் பூச்செண்டும் மட்டுந்தான் வருது. சேலை எங்கன?"

பென் டிரைவை யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். அவனோ நாலாம் நாளும் தானே பைக்கை எடுத்துக்கொண்டு வந்தான். இந்த முறை நிறத்தையெல்லாம் அள்ளிக் கொட்டியிருந்தான். டிவியில் ஜெபராஜே பச்சைப்பசேல் என்று நின்றார்.

"அப்பாவையே கோத்து மாலையாப் போட்டுரலாம்!"

ஜெபராஜ் சிரிக்கவில்லை. எழுந்து டிவியை அணைத்தார்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. நாளைக்கு வேற மாதிரி..."

"வேணாம் தம்பி. நாலு நாளும் முகஞ் சுளிக்காம வந்தீக. அத நான் பாத்தேன். ஆனா ஷெரின் கல்யாணத்துக்கு வேற ஸ்டூடியோவத்தான் சொல்லப்போறேன்."

ஷெரின் சட்டென்று உள்ளே ஓடிவிட்டாள். விஜய்ராஜ் டிவியிலிருந்து பென் டிரைவைக் கழற்றிக்கொண்டான். 'சரி அண்ணாச்சி' என்று முனகிவிட்டு வெளியே வந்து பைக்கை உதைத்தான். அது கிளம்ப மறுத்தது. கேட்டைத் திறக்க வந்த பவுனு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கீக?"

"ஆர்டர் போச்சுக்கா. ஷெரின் கல்யாணத்துக்கு வேற ஆளாம்."

பவுனு தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட கிறுக்குத் தம்பி! மொத நாள்லருந்து ஷெரின் பாப்பா டிவி கலர மாத்தி மாத்தி வெச்சு உங்கள வரவழைச்சதே எதுக்கு? மாப்பிள்ளையே கேமராவத் தூக்கிட்டு நின்னா தாலி கட்டுறது யாரு?"