ஷார்ஜாவிலிருந்து மணல் அனுப்பிய மகனுக்கு

கோட்டக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகன் முஆதுக்கு அத்தா சிக்கந்தர் பாட்சா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே உன் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் உன்னைத் திட்ட முடியவில்லை. நான் இரண்டு வார்த்தை ஏறிப் பேசினால் உடனே, "அத்தா, சிக்னல் இல்ல, அப்பறமா பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். சிக்னல் எப்படித்தான் நான் திட்டும்போது மட்டும் போகிறதோ தெரியவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். நம் தெருவிலிருந்து அடுத்த வாரம் ஷார்ஜா திரும்புகிறவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீ கடைசி வரி வரை படிக்கிறாயா என்று எதிரில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அவர் கிளம்புவார்.

உன் தங்கை சமீராவைக் கட்டிக்கொடுத்து அவளும் கடலூர் போன பிறகு உன் அம்மா உன்னிடம், "வூடு வெறிச்சுனு இருக்குதுப்பா" என்றாள். அதற்கு என்ன அர்த்தம்? மகனே, மூன்று வருஷமாகிறது, லீவு போட்டு வந்து முகத்தைக் காட்டு என்று அர்த்தம். கோட்டக்குப்பத்தில் எந்த அம்மா சொன்னாலும் அதுதான் அர்த்தம். நீ என்ன புரிந்துகொண்டாய்? பூனைக்குட்டி வேண்டும் என்று. சரி, புரிந்ததுதான் புரிந்தது, அதை எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? முதலில் சாமான் பெட்டியை கார்கோவில் அனுப்பிவிட்டு, பூனையைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தாய். 'சர்ப்ரைஸ்' என்று அதற்குப் பேர் வேறு.

வளைகுடாப் பெட்டி வந்தால் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டுதான் பிரிப்போம், ஆளுக்கு ஒன்று கொடுத்துத்தான் அனுப்புவோம். இந்தத் தடவை வந்தது யார் தெரியுமா? திண்டிவனத்திலிருந்து என் அக்கா, உன் குல்சும் மாமி. சமீரா நிக்காஹ் பத்திரிகையில் மாமாவின் பெயர் விட்டுப்போனதற்காக, பிரியாணிப் பந்தியில் உட்காராமலே கிளம்பிப் போனவள், நாலு வருஷமாக நம் வாசலை மிதிக்கவில்லை. பத்திரிகையைப் பிழை பார்த்தது நான்தான், அதை நான் எங்கும் மறுக்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே அக்கா. உன் அம்மா மூன்று மாதம் போனில் கெஞ்சி, "முஆத் பெட்டி அனுப்பிக்கீறான், நீங்க வந்தாதான் கயிறு அறுப்போம்" என்று சொல்லி, அவள் மனம் இறங்கி, மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்படிப்பட்ட நாளில் அந்தப் பெட்டிக்குள் நீ வைத்திருந்தது என்ன?

மேலே ஒரு வட்ட மெத்தை. அதன் கீழே கயிறு சுற்றிய ஒரு கட்டைத் தூண். ஒரு ஷாம்பு பாட்டில். மூன்று பாக்கெட் பிஸ்கட். அடியில் பத்து கிலோ மணல். எல்லாவற்றின் மேலும் பூனைப் படம் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இத்தனை வருஷமாக அங்கிருந்து வருகிற சாமானில் எதில்தான் படம் இல்லை? புலிப் படம் போட்ட தைலம் வந்தால் அதைப் புலிக்கா தேய்க்கிறோம்? கோடாலிப் படம் போட்ட தைலத்தைக் கோடாலிக்கா தேய்த்தோம்? பூனைப் படம் போட்டது ஏதோ புதுக் கம்பெனி என்றுதான் நினைத்தோம். அரபியில் எழுதியிருந்ததை நானே எழுத்துக் கூட்டி எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். வாசிக்கத்தான் தெரியும், அர்த்தம் எங்கே தெரியும்? மாஷா அல்லாஹ் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பங்கு பிரித்தோம். வட்ட மெத்தையை மச்சானுக்குக் கொடுத்தேன். மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டைகளுக்கு நடுவே காலையிலிருந்து மரநாற்காலியில் உட்கார்ந்து அவருக்கு மூல உபத்திரவம். ஷாம்பு கடலூருக்கு, சமீராவுக்குப் போனது. கயிறு சுற்றிய தூண் என்னவென்று யாருக்கும் தெரியாததால் நானே வைத்துக்கொண்டேன். முதுகு அரிக்கும்போது சாய்ந்து தேய்த்தால் சுகமாக இருக்கிறது. மணலை உன் அம்மா வாசனை உரம் என்று நினைத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டாள். மறுநாள் தொட்டி சிமெண்ட் போட்டது போல இறுகிக் கிடந்தது. அந்தச் செடி போயிற்று. பிஸ்கட்டை நான்தான் பீங்கான் தட்டில் கொட்டி, டீயோடு என் கையாலேயே அக்காவிடம் நீட்டினேன். அவள் ஒன்றை எடுத்தாள், மென்றாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நல்லாக்கீதுடா தம்பி" என்றாள். நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் வாயால் 'தம்பி' என்று கேட்டேன் முஆத். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிச்சம் இருந்த இரண்டு பாக்கெட்டையும் அவள் பையிலேயே திணித்து அனுப்பினேன்.

ஒரு வாரம் கழித்து நீ போன் செய்து, "அத்தா, என் ஃப்ரெண்டு ஆனந்தராஜ் மெட்ராஸ்லேர்ந்து நான் வாங்கின பூனைக்குட்டியோட கார்ல திருச்சி போறான், குட்டியத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்கோங்க, சாமானெல்லாம் ரெடியாத்தானே கீது?" என்று கேட்டாய். என்ன சாமான் என்றேன். மெத்தை அது படுக்க, தூண் அது நகம் கீற, மணல் அது வெளிக்குப் போக என்று நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய். பிஸ்கட்டில் ஹராமான கறி எதுவும் இல்லை, மீன்தான் என்று நீ சொன்ன பிறகுதான் மூச்சே வந்தது. இருந்தாலும் என் அக்காவுக்கு நான் பூனைத் தீனி கொடுத்திருக்கிறேன். பத்திரிகையில் பெயர் விட்டதற்கு நாலு வருஷம் என்றால் இதற்கு எத்தனை வருஷம் என்று நீயே கணக்குப் போடு. எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது, அவளுக்கு எழுபத்தொன்று.

குட்டியை வாங்கிக்கொண்டு, கூடையும் கையுமாக மண்டிக்குப் போனேன், எப்படியாவது மெத்தையையாவது மீட்கலாம் என்று. மச்சான் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, "பாட்சா, இதுல குந்தினதுலேர்ந்து பேஜாரே இல்லப்பா, உம் புள்ள நல்லா இருக்கணும்" என்கிறார். அந்த வாயைப் பார்த்துக்கொண்டு எழுந்திரியுங்கள், அது பூனையுடையது என்று எப்படிச் சொல்வேன்? அந்த நேரம் பார்த்துக் கூடைக்குள்ளிருந்து இது கத்தியது. இருமினேன். திரும்பவும் கத்தியது. திரும்பவும் இருமினேன். "நெஞ்சு சளி போல கீது, ஜல்தி டாக்டராண்ட காட்டு" என்று அனுப்பிவைத்தார். பஸ்ஸில் கோட்டக்குப்பம் வரும் வரை அது கத்த, நான் இரும, பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததாவது ஒழுங்காக இருக்கிறதா? இது கடற்கரை ஊர். உன் அம்மா சங்கரா மீனை வேகவைத்து, முள் எடுத்து, உனக்கு ஊட்டியதை விடப் பொறுமையாக ஊட்டப் பார்க்கிறாள். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அதற்கு அந்தப் பாக்கெட் பிஸ்கட்தான் வேண்டுமாம். அது திண்டிவனத்தில் இருக்கிறது. மணலாவது நம் ஊரில் இருக்கிறதே என்று கடற்கரைக்குப் போய் வாளியில் அள்ளி வந்து தட்டில் கொட்டினேன். இந்த வயதில் ஒருவன் வாளி மணலோடு தெருவில் வந்தால் நாலு பேர் கேட்பார்கள். நாலு பேருக்கும் பதில் சொன்னேன். உன் பூனை அந்த மணலை ஒரு காலால் தொட்டுப் பார்த்துவிட்டு, நேரே வந்து என் செருப்பில் போனது. இரண்டு செருப்பிலும். என் முதுகுத் தூணையும் அதுவே எடுத்துக்கொண்டது. இப்போது முதுகு அரித்தால் நான் கதவு நிலையில் தேய்த்துக்கொள்கிறேன்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். அடுத்த மாதத்துக்குள் நீ லீவு போட்டு வந்து இந்தப் பூனையை எடுத்துக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் ஆனந்தராஜையே வந்து கூட்டிப்போகச் சொல். இனிமேல் பெட்டி எதுவும் அனுப்பக் கூடாது, ஒரு சோப்புக் கட்டி கூட. எல்லாவற்றுக்கும் மேலாக, பிஸ்கட் விஷயம் உன் மாமி காதுக்குப் போகக் கூடாது. போனால் நான் உன் அத்தா இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள், தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், பூனை வாங்கும் முன் பெற்றவர்களைக் கேட்கும் புத்தியையும் கொடுப்பானாக.

இப்படிக்கு,
கோபத்துடன், உன் அத்தா
சிக்கந்தர் பாட்சா

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் உன் மாமி வந்தாள். தனியாக, பஸ்ஸில், கக்கத்தில் அந்த வட்ட மெத்தையோடு. "மண்டியாண்ட நீ இருமின இருமல உன் மச்சான் வந்து சொன்னாரு. பூனை மாதிரியே இருமறியாமே. குட்டி வந்துட்ச்சினு புரிஞ்சிகினேன்" என்று மெத்தையைத் தரையில் போட்டாள். பையிலிருந்து பிரிக்காத ஒரு பாக்கெட்டை எடுத்தாள். எப்போது தெரியும் என்று கேட்டேன். "நீ தட்டுல கொட்டும்போதே தெரியும்டா. நான் மளிகை வாங்கற கடையில இதான் சரம் சரமா தொங்குது. நாலு வருசம் கழிச்சு உன் கையால குடுத்தே. வேணாம்னு தட்டை நவுத்தினா இன்னும் நாலு வருசம் ஆயிடும்னு பயமா இருந்துச்சு. முழுங்கிட்டேன்" என்றாள். மச்சானிடம் மட்டும் சொல்லக் கூடாதாம், இன்னொரு பாக்கெட்டை அவர் தினம் டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருக்கிறாராம்.

பூனை இப்போது அவள் மடியில் தூங்குகிறது. அதை எடுத்துப்போக வேண்டாம், ஆனந்தராஜிடமும் சொல்ல வேண்டாம். நீ மட்டும் வா. வரும்போது மெத்தை ஒன்று, பெரியதாக, மச்சானுக்கு. பிஸ்கட் ஆறு பாக்கெட். பாக்கெட்டைப் பிரித்து அக்கா முதலில் என் பக்கம்தான் நீட்டினாள். நானும் ஒன்று தின்றேன். உப்பு கொஞ்சம் குறைச்சல்.