முப்பத்தேழில் நின்ற விருந்தாளி

இனி இந்த வீட்டில் யாரும் வந்து தங்கக் கூடாது என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முடிவை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாத முடிவுகளைத்தான் என்னால் கடைசிவரை காப்பாற்ற முடிகிறது.

எங்கள் வீடு கூலாயில், தாமான் என்று சொல்லும் ஒரு குடியிருப்புப் பகுதியில் இருக்கிறது. மூன்று அறைகள். முதலாவதில் நாங்கள். இரண்டாவதில் சாமி படங்களும் இஸ்திரி போடாத துணிகளும். மூன்றாவதில் ஏர்கோன் உண்டு, உள்ளே தாழ்ப்பாள் உண்டு, நான் உண்டு. அதை நான் ஆபீஸ் ரூம் என்பேன். என் மனைவி சாந்தினி ‘அந்த ரூம்’ என்பாள்.

செனாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் மேற்பார்வையாளன். எந்த அச்சு எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லும் புரோகிராம் ஒன்று எங்களிடம் இருந்தது. வயது பதினெட்டு. பழைய காலத்துச் சிஸ்டத்தில் மட்டுமே ஓடும். அந்தப் பழைய கணினி போன மாதம் செத்துப்போனது. மேனேஜர் வெளியாளைக் கூப்பிடலாம் என்றார். நான் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று கேட்டு, புது மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

செய்ய வேண்டியது இதுதான். புதுக் கணினி, தனக்குள் இன்னொரு கணினி இருப்பதாக நடிக்கும். அந்தப் பொய்க் கணினிக்குள் பழைய சிஸ்டத்தை ஏற்ற வேண்டும். வெளியே இருப்பதற்கு ஹோஸ்ட் என்று பெயர். உள்ளே வருவது கெஸ்ட்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று முறை ஏற்றினேன். மூன்று முறையும் முப்பத்தேழு சதவீதத்தில் திரையிலிருந்த ஜன்னல் மறைந்துபோனது. மன்னிப்புக் கேட்கவில்லை. காரணம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் மகேஸ்வரனிடம் காட்டினேன்.

“கெஸ்ட்டுக்கு எவ்வளவு மெமரி குடுத்தீங்கண்ணே?”

“எட்டுல ஏழு.”

“ஏன்?”

“கெஸ்ட்டுன்னு போட்டிருந்துச்சு.”

மகேஸ்வரன் பேனாவை எடுத்தான். பாதிக்கு மேல் கொடுக்கக் கூடாது, வீட்டுக்காரன் மயங்கி விழுந்தால் விருந்தாளியும் சேர்ந்து விழுவான் என்றான். கணினி தொடங்கும்போதே உள்ளே போய்ச் சரிபார்க்க வேண்டிய ஓர் அனுமதியைப் பற்றியும் சொன்னான். அது அடைத்திருந்தால் கெஸ்ட் வாசலைக்கூடத் தாண்டாதாம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். அரை மணி நேர வேலை.

அன்று மாலை அந்தத் தாளோடுதான் வீட்டுக்கு வந்தேன். சாப்பிடும்போது சாந்தினி, தன் தம்பி ரூபேந்திரனுக்கு செனாய் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். அவர்கள் ஊரான காஹாங்கிலிருந்து தினமும் வந்துபோக முடியாதாம். கொஞ்ச நாள் இங்கே தங்கட்டுமா என்று கேட்கிறானாம்.

ரூபேந்திரனின் கொஞ்ச நாள் எனக்குத் தெரியும். போன தடவை ஒரு கல்யாணத்துக்கு வந்தான். அந்தத் தம்பதிக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் போனான்.

“எந்த ரூம்ல?” என்றேன்.

“மூணு ரூம்தானே இருக்கு.”

மகேஸ்வரனின் தாளை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்தேன். பிறகு, தொழிற்சாலை வேலை, ரொம்ப நுட்பமானது, இது முடியும்வரை அந்த அறையில் ஓர் ஈ நுழைந்தாலும் ஆபத்து என்று விளக்கினேன். எப்போது முடியும் என்று கேட்டாள். சொல்ல முடியாது, முப்பத்தேழில் நிற்கிறது என்றேன்.

சாந்தினிக்கு இதெல்லாம் புரியாது என்பது என் கணக்கு. கல்யாணத்துக்கு முன் ஒன்பது வருடம் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தாள். ஏதோ கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. யாருடைய போன் என்று நான் கேட்டதில்லை. மணி அடித்தால் எடுக்க வேண்டியதுதானே.

புதன்கிழமை மறுபடியும் ஏழு ஜிபி கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. சாந்தினி தேத்தண்ணீரோடு வந்து வாசலில் நின்றாள். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து. அடைச்சுத் தொறந்து பாத்தீங்களா என்று கேட்டாள். பார்த்தேன். கடைசியாக எதை மாற்றினீர்கள் என்று கேட்டாள்.

“ஒண்ணும் மாத்தல.”

தலையாட்டிவிட்டுப் போனாள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அதே மூன்று கேள்விகள், அதே வரிசையில். அறியாமைக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே மாதிரி விழுந்தால் சந்தேகம் வரும். வெள்ளிக்கிழமை கெஸ்ட்டுக்கு இடத்தைக் குறைத்தேன். பையை வைக்க இடமில்லாமல் அது பாதியிலேயே திரும்பியது. சனிக்கிழமை அந்த அனுமதியை அடைத்தேன். வாசலிலேயே நின்றுவிட்டது. திங்கட்கிழமை இருந்த மெமரி முழுவதையும் கொடுக்கப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் எச்சரித்தது. கண்டுகொள்ளவில்லை. மடிக்கணினி ஒரு பெருமூச்சு விட்டு மொத்தமாக உறைந்தது. சரிசெய்யக் கற்றுக்கொள்ளத் தொடங்கியவன், ஒரே வாரத்தில் கெடுப்பதில் தேர்ச்சி பெற்றிருந்தேன். திரைக்குள் வந்த விருந்தாளிக்கு எட்டு ஜிபியையும் அள்ளிக் கொடுத்தவனுக்கு, காஹாங்கிலிருந்து வருகிறவனுக்கு ஒரு பாய் விரிக்க மனம் வரவில்லை. அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

யோசிக்க நேரமும் இல்லை. எதிர்த்தரப்பு தயாராகிக்கொண்டிருந்தது. சாந்தினி அந்த அறையின் ஜன்னலை அளந்தாள், திரைச்சீலைக்காக. வைஃபை அங்கே சரியாக எட்டுகிறதா என்று கேட்டாள். மைக் வைத்த ஹெட்போன் ஒன்று பார்சலில் வந்தது. பிறகு, முதுகு வளையாமல் உட்கார ஒரு நாற்காலி. தம்பிக்கு இத்தனை உபசாரமா என்று நான் கேட்கவில்லை. அன்று கெஸ்ட்டை இரண்டு முறை வீழ்த்தினேன்.

அவள் அவனோடு போனில் பேசுவதும் என் காதில் விழும். “மாமா கம்ப்யூட்டர் இன்னும் விழுந்துக்கிட்டேதான்டா இருக்கு. நான் என்ன செய்யட்டும்? நீயே மாமாகிட்ட கேளு.”

கேட்டான். திரையில் இருந்த பிழை எண்ணை முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். பதினாறு எழுத்து.

“பரவால்ல மாமா. அக்கா வீடு இருக்குன்னு நெனச்சேன்.”

பதினோராம் நாள் அவன் செனாயிலேயே மூன்று நண்பர்களோடு ஒரு வீட்டில் சேர்ந்துகொண்டான். தினமும் காலையில் எனக்கு அவன் அனுப்பும் பூப்போட்ட காலை வணக்கம் அன்றோடு நின்றது. வெற்றிக்கு ஏதாவது விலை இருக்கத்தான் செய்யும்.

அடுத்த நாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை. பர்ஸிலிருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். மத்தியானம் வீட்டுக்குப் போய் அரை மணி நேரத்தில் ஏற்றிவிட்டு, ரொம்பப் போராடியதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டில் மடிக்கணினி சாப்பாட்டு மேசையில் இருந்தது. கெஸ்ட் திறந்திருந்தது. அதற்குள் பதினெட்டு வயது புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. அச்சு எண், அலமாரி எண், எல்லாம் வரிசையாக. மூன்றாவது அறைக் கதவு சாத்தியிருந்தது. அதில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: காலை 9 முதல் மாலை 6 வரை தட்ட வேண்டாம்.

“யார் செஞ்சது இது?”

“நான்தான்,” என்றாள் சாந்தினி, சோறு போட்டுக்கொண்டே. “பாதி மெமரி குடுத்தேன். நீங்க அடைச்சு வச்சதைத் தொறந்தேன். இருபது நிமிசம்.”

“நான் எதையும் அடைக்கலையே.”

கெஸ்ட் விழும் ஒவ்வொரு முறையும் ஏன் விழுந்தது என்று கணினி ஒரு கோப்பில் எழுதிவைக்குமாம். நான் எவ்வளவு கொடுத்தேன், எத்தனை மணிக்குக் கொடுத்தேன் என்பது உட்பட. முதல் புதன்கிழமையே படித்துவிட்டாளாம்.

“அப்பவே ஏன் சொல்லல?”

“ரூபேந்திரன்கிட்ட நான் எப்படிங்க வேணாம்னு சொல்றது? கூடப் பொறந்தவன்.” ரசத்தை ஊற்றினாள். “நீங்க சொன்னா பரவால்ல. நீங்க மாமாதானே.”

பிறகு நிதானமாகச் சொன்னாள். சிங்கப்பூர் கம்பெனியிலிருந்து மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த முறை வீட்டிலிருந்தே வேலை. கதவு சாத்தக்கூடிய தனி அறை வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. திங்கட்கிழமை தொடக்கம்.

“என்ன வேலை?”

“அதேதான். போன் எடுக்கிறது.”

“யாரு கூப்புடுவாங்க?”

“கம்ப்யூட்டர் விழுந்துடுச்சுன்னு சொல்றவங்க,” என்றாள். “ஒரு நாளைக்கு நாப்பது பேர். எப்போலருந்து, அடைச்சுத் தொறந்து பாத்தீங்களா, கடைசியா எதை மாத்துனீங்க. ஒண்ணும் மாத்தலன்னு சொல்றவங்க எல்லாத்தையும் மாத்தியிருப்பாங்க.”

நான் ரசத்தைக் குடித்தேன்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். மேனேஜருக்கு அலமாரிப் பட்டியலை அன்றே அனுப்ப வேண்டும். மூன்றாவது அறைக்குள் ஏர்கோன் ஓடிக்கொண்டிருந்தது. சாந்தினி மெல்லிய ஆங்கிலத்தில் யாருக்கோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். கெஸ்ட் கொஞ்சம் மெதுவாக இருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. மெமரியை இரண்டு ஜிபி கூட்டினேன். பிறகு இன்னும் ஒரு ஜிபி.

ஜன்னல் மறைந்துபோனது. இந்த முறை நான் வேண்டுமென்று செய்யவில்லை.

கதவைத் தட்டக் கூடாது. போனில் கூப்பிட்டேன். உடனே எடுத்தாள்.

“எப்போலருந்து இப்படி?”

“இப்பத்தான்.”

“அடைச்சுத் தொறந்து பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“கடைசியா எதை மாத்துனீங்க?”

கதவு எட்டடி தூரத்தில் இருந்தது. அவள் குரல் போனிலும் கேட்டது, கதவு வழியாகவும் கேட்டது.

“ஒண்ணும் மாத்தல,” என்றேன்.

“லைன்ல இருங்க சார்,” என்றாள். “உங்களுக்கு முன்னால நாலு பேர் இருக்காங்க.”