யாரும் சாகாத நகராட்சி

சாவை வென்றவர்கள் என்று புராணங்கள் சிலரைச் சொல்லும். பாவம், அவர்கள் பல்லாண்டு தவம் கிடந்தார்கள். ஜாவாவின் வடகரையில் எங்கள் நகராட்சி அதே காரியத்தைத் திரையில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டே முடித்துவிட்டது.

இறப்புப் பதிவை இணையத்துக்கு மாற்றிய நாள் அது. மஞ்சள் சோற்றைக் கோபுரமாகக் குவித்து, பிரார்த்தனை முடித்து, கணினிப் பிரிவின் தலைவர் பாக் ஹர்கோ ('பாக்' என்றால் எங்கள் ஊரில் ஐயா, 'இபு' என்றால் அம்மா) பொத்தானை அழுத்த அமர்ந்தார். கிளவுடில் புதிதாக ஒரு மெய்நிகர் கணினி பிறக்க வேண்டும். எந்த நெட்வொர்க்கில் பிறப்பது என்று திரை கேட்டது.

"பொது நெட்வொர்க்னு போடுங்க, பாக்," என்றாள் சுமார்னி. அங்கே அந்தக் கணினிகளைப் பராமரிப்பவள் அவள்தான்.

"போட்டா, தேர்ந்தெடுத்தது நான்னு என் பேர் பதிவாகும்ல?"

"ஆகும்."

"போடாம விட்டா?"

"டீஃபால்ட்டா சோதனை நெட்வொர்க்கை அதுவே எடுத்துக்கும். ஆனா அதுலேர்ந்து வெளிய போகவும் வழியில்ல, வெளியிலேர்ந்து வரவும் வழியில்ல."

"அதுவே எடுத்துக்குதுன்னு நீயே சொல்றே. நடுவுல நாம எதுக்கும்மா?"

என்ன அடக்கம்! கட்டத்தைக் காலியாகவே விட்டு அழுத்தினார்; கணினி பிறந்தது. பழைய கவுன்டரை மூடினார்கள். அதன்பின் விண்ணப்பம் ஒன்றுகூட வரவில்லை. அதாவது, நகராட்சியில் ஒருவரும் சாகவில்லை. மாகாண அரசு மகிழ்ந்து 'சுகாதாரக் கேடயம்' வழங்கியது.

இந்தப் பொற்காலத்தில்தான் சுமார்னியின் கணவன் சுவாந்தோ, நகராட்சியின் சாதனையைக் கொஞ்சமும் மதிக்காமல், மாரடைப்பில் போனான்.

தெருத்தலைவர் பாக் தர்மின் ஏழு நாள் பிரார்த்தனைக்கும் வந்து சாப்பிட்டுப் போனவர். வீட்டுக்கு ஓர் ஆண் முறைவைத்துத் தெருவைக் காக்கும் இரவு ரோந்து அவர் பொறுப்பு. அடுத்த வாரமே வாசலில் நின்றார்.

"சுவாந்தோ ரோந்துக்கு வரலையே, இபு சுமார்னி."

"அவரைக் குழிக்குள்ள இறக்குனதே நீங்கதானே, பாக்?"

"இறக்குனேன். தலைமாட்டுல நின்னு பிடிச்சதே நான்தான். யாரு இல்லேன்னா? ஆனா சான்றிதழ் இல்லாம பேரை எடுக்க முடியாதே. வர்ற வாரமாவது அனுப்பி வைங்க."

முதல்முறை அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு வாரந்தோறும் தெரு ஒலிபெருக்கி 'வராதவர்கள்' பெயர்களை வாசித்தது. ஒவ்வொரு முறையும் சுவாந்தோ அவளுக்குப் புதிதாகச் செத்தான்.

ஹர்கோவிடம் போனாள். அவர் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொது நெட்வொர்க்குக்கு மாத்திடலாம், பாக். என் வீட்டுக்காரரைப் பதியணும்."

"மாத்தினா என்ன ஆகும்னு யோசிச்சியா? இத்தனை மாசமாக் காத்திருக்கறவங்க எல்லாரும் ஒரே நாள்ல செத்துடுவாங்க. அத்தனை உயிர், சுமார்னி."

"அவங்கல்லாம் எப்பவோ செத்துட்டாங்க, பாக்."

"நம்ம கணக்குல இல்லையே."

சுமார்னி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். புதுக் கணினி ஒன்றைக் கிளப்பினாள். எந்த நெட்வொர்க் என்று திரை கேட்டது. பொது நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தாள். தேர்ந்தெடுத்தவர் என்று அவள் பெயர் பதிவானது.

கைபேசியில் விடாமல் முயன்றுகொண்டிருந்த குடும்பங்களுக்குத் திடீரென்று வழி திறந்தது. அலுவலகம் மூடுவதற்குள் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். முதல் பெயர் சுவாந்தோ. சான்றிதழ் அச்சாகி வந்தபோது தாள் சூடாக இருந்தது. ஆறும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

இப்படியொரு பேரழிவை நகராட்சி சும்மா விடுமா? விசாரணைக் குழு கூடியது. ஆளுக்கொரு பலகாரப் பெட்டி வந்தது. சுமார்னிக்கும் ஒன்று கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல முடியாது.

"ஒரே மத்தியானத்துல இத்தனை சாவு," என்றார் குழுத் தலைவர். "தேர்ந்தெடுத்தது நீங்கதானா?"

"நான்தான்."

"அப்ப பொறுப்பும் நீங்கதான்."

"சரிங்க. இத்தனை மாசம் செத்தவங்களைச் சாகவிடாம வெச்சிருந்தீங்களே, அதுக்கு யாரு பொறுப்பு?"

தலைவர் கையிலிருந்த பலகாரத்தைக் கீழே வைத்தார். விஷயம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் கனிவாகச் சொன்னார்:

"அதுக்கு யாரும் பொறுப்பில்லம்மா. இங்க அதுதானே டீஃபால்ட்."