ஒத்துமையான குடும்பத்துக்கு மட்டும்

"வண்டியைக் குடுங்க சார். நான் மட்டும் மெயின் ரோடு வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வந்துடறேன்."

பழைய காருக்கு மதிப்புப் போட ஷோரூமிலிருந்து வந்தவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வண்டிக்குச் சொந்தக்காரரான ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரர் கார் கதவுக்குக் குறுக்கே போய் நின்றார்.

'நான் மட்டும்' என்பதில்தான் சிக்கல். அந்தக் காருக்கு வயசு பதினேழு. கடைசி நாலு வருஷமாக அதை ஒரே ஆள் ஓட்டியதாகச் சரித்திரம் கிடையாது.

பின்பக்க இடது கதவு பூட்டில் நிற்காது. வண்டி வலப்பக்கம் திரும்பினால் றெக்கை விரிக்கும். அதைப் பிடித்துக்கொள்வது மாமனார் இலாகா. நாலாவது கியர் நழுவி ஓடும். மகள் பின்சீட்டு நடுவில் உட்கார்ந்து, குடைக் கைப்பிடியை அதில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொள்வாள். முன்பக்க டேஷ்போர்டு பெட்டி திறந்தால் ஹாரன் அலறும். ஏன் என்று கேட்ட மெக்கானிக்குகள் எல்லாம் அதற்கப்புறம் கண்ணில் படவில்லை. அந்தப் பெட்டிக்கு மனைவியின் முழங்கால்தான் பூட்டு. தவிர, இன்ஜினை அணைத்தால் மறுபடி தள்ளித்தான் கிளப்ப வேண்டும். அதனால் காலை ஆறு மணியிலிருந்து அதை அணைக்காமலே வாசலில் உறும விட்டிருந்தார்.

பழைய வண்டிக்கு நல்ல விலை கிடைத்தால்தான் புதியது கைக்கு எட்டும். அதுவும் இன்றைக்கே எட்டியாக வேண்டும்.

காரணம், மனைவி. நாளை திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாகச் சேருகிறாள். இன்டர்வியூவுக்குப் போன அன்று இதே கார் பள்ளிக்கூட கேட்டில் படுத்துக்கொள்ள, பட்டுப்புடவையோடு இறங்கித் தள்ளினாள். மாடி வராந்தாவில் எண்ணூறு பிள்ளைகள் கை தட்டினார்கள். வேலை கிடைத்துவிட்டது. மானம் கிடைக்கவில்லை.

"நாளைக்கு அந்த கேட்டுக்குள்ள நான் தனியா, என் கையால ஓட்டிட்டுப் போய் இறங்கணும்," என்று நேற்றே தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "கூட ஒரு பட்டாளம் வரக் கூடாது. முடியலன்னா நான் பஸ்ல போயிக்கறேன். நீங்க இந்த வண்டியிலயே குடித்தனம் பண்ணுங்க."

எக்ஸ்ரேக்காரர் தொண்டையைச் செருமினார். மாமனாரைக் கண் டாக்டரிடம் விட வேண்டும், அவரும் கூட வரட்டுமே என்றார். மனைவி பேங்க் வரைக்கும் போகணும் என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். மகள் தோழி வீட்டைச் சொல்லிக் குடையோடு ஏறினாள்.

வந்தவர் கையில் பரீட்சைக்குப் போகிற மாதிரி ஓர் அட்டை வைத்திருந்தார். அந்த அட்டைக்காரர் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "மழை இல்லையே, குடை எதுக்கு?" என்றார் மகளிடம்.

"வெயிலுக்கு," என்றாள் அவள், காருக்குள் உட்கார்ந்தபடி.

அட்டைக்காரர் ஓட்ட, எக்ஸ்ரேக்காரர் பின்சீட்டு ஓரத்தில் ஒண்டிக்கொள்ள, வண்டி கிளம்பியது. தெருமுனையில் வேகத்தடை. இருபது வருஷமாக எக்ஸ்ரே அறையில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், எக்ஸ்ரேக்காரரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க."

குடும்பமே மூச்சைப் பிடித்தது. மாமனார் கதவையும், மகள் கியரையும், மனைவி பெட்டியையும் சேர்த்துப் பிடித்தார்கள். அட்டைக்காரரும் எதற்கென்று தெரியாமலே பிடித்துக்கொண்டார்.

"விடுங்க."

ஐந்து பேரும் விட்டார்கள். ஒன்றும் கழன்று விழவில்லை. எக்ஸ்ரேக்காரருக்கு லேசாக நம்பிக்கை வந்தது.

அட்டைக்காரர் ரொம்ப நல்ல மனுஷராக இருந்து தொலைத்தார். கண் ஆஸ்பத்திரி வந்ததும் வண்டியை நிறுத்தி, பெரியவருக்கு மரியாதை பண்ண அவரே இறங்கிப் போய்க் கதவைத் திறக்கப் பார்த்தார். மாமனார் உள்ளிருந்து இழுத்தார். இவர் வெளியிலிருந்து இழுத்தார். கொஞ்ச நேரம் வாசலில் கயிறு இழுக்கும் போட்டி மாதிரி நடந்தது.

"கதவு நல்ல கெட்டி," என்று அட்டையில் எழுதிக்கொண்டார். "இறங்கலியா பெரியவரே?"

"எனக்குக் கண்ணு சரியாயிடுச்சு தம்பி," என்றார் மாமனார், ஆஸ்பத்திரி போர்டை எட்டிப் பார்த்துக்கொண்டே. "இதோ, எல்லாம் பளிச்சுனு தெரியுது. போலாம்."

அடுத்தது பேங்க். மனைவி ஷட்டரைப் பார்த்தாள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தவள் போல, சும்மா பூட்டியிருக்கா என்று பார்க்கத்தான் வந்தேன் என்றாள். தோழி வீடு என்று மகள் கைகாட்டிய வீட்டின் வாசலில் லுங்கி கட்டிய ஒரு மீசைக்காரர் நின்றார். தோழி வீடு மாற்றிவிட்டதாக மகள் சொன்னாள்.

ஒருவரும் இறங்கவில்லை. கடைசித் திருப்பத்தில் மனைவிக்குத் தும்மல் வந்தது. முழங்கால் ஒரு கணம் நகர்ந்தது. ஹாரன் ஊரையே கூட்டியது. முன்னால் போன லாரி பயந்து ஒதுங்கி வழிவிட்டது.

"ஹாரன் அமோகம்," என்று அட்டைக்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் தள்ளிப் போய் நின்று, யாரிடமோ தாழ்ந்த குரலில் போன் பேசினார். நடுவில் திரும்பி இவர்களை விரல் விட்டு எண்ணுகிற மாதிரி இருந்தது. தொலைந்தோம் என்று எக்ஸ்ரேக்காரர் மனைவி முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

திரும்பி வந்த அட்டைக்காரர், அவர்கள் கனவிலும் கேட்கத் துணியாத ஒரு விலையைச் சொன்னார். மாமனார் உட்கார இடம் தேடினார்.

"இன்னொண்ணு சார். ஷோரூம் நடுவுல ஏழு மாசமா ஒரு புது வண்டி நிக்குது. வர்றவங்க எல்லாம் உக்காந்து பாத்து ஆசைப்பட்ட வண்டி. விலையும் கம்மி, இன்னிக்கே எடுத்துக்கலாம். ஆனா அதை எல்லாருக்கும் குடுத்துட மாட்டோம். ஒத்துமையான குடும்பமாப் பாத்துத்தான் குடுப்போம்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டே எக்ஸ்ரேக்காரருக்கு விரல் வீங்கிவிட்டது. வெள்ளை வெளேரென்று நின்றது புது வண்டி. ஷோரூமில் கிடைத்த மரியாதையோ சொல்லி மாளாது. மேனேஜர், கேஷியர் அம்மா, வாட்ச்மேன் மூன்று பேரும் கூடவே வந்து வண்டியை வீட்டில் ஒப்படைப்பார்களாம். குடும்பத்துக்கு ஷோரூம் செலவில் தனியாக டாக்ஸி.

எக்ஸ்ரேக்காரர் ஓட்டினார். வண்டி வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. பக்கத்தில் மேனேஜர் டேஷ்போர்டிலிருந்து கையை எடுக்கவேயில்லை. பெற்ற பிள்ளையைப் பிரிகிற பாசம். பின்னால் வாட்ச்மேன் முன்னே குனிந்து கியர் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தார். கேஷியர் அம்மா கதவோடு ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

வழியில் பஸ் ஸ்டாப் வந்தது. உங்களுக்கு எதற்குச் சிரமம், இங்கேயே இறங்கிக்கொள்ளுங்களேன் என்றார் எக்ஸ்ரேக்காரர். மூன்று பேரும் ஒரே குரலில் மறுத்தார்கள். வீடு வரை வருவதுதான் முறையாம்.

அவருக்கு மனசாட்சி குடைய ஆரம்பித்தது. இப்பேர்ப்பட்ட வெள்ளந்தி மனுஷர்கள் தலையில் அந்தத் தகர டப்பாவைக் கட்டிவிட்டோமே. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். அதற்குள் தெருமுனை வேகத்தடை வந்துவிட்டது. அவர் ஒன்றுமே சொல்லாமல், மூன்று பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். தடை தாண்டியதும் விட்டார்கள்.

எல்லாருமே எக்கச்சக்கமாக எக்ஸ்ரே எடுத்தவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டார்.

வாசலில் டாக்ஸி முன்பே வந்து நின்றது. மனைவி ஓடி வந்து காரைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, நாளைக்கு நான் தனியா..." என்று பாதியிலேயே நிறுத்தி, முந்தானையால் முன்கண்ணாடியைத் துடைத்தாள்.

மேனேஜரும் வாட்ச்மேனும் விறுவிறுவென்று இறங்கி, விறுவிறுவென்று டாக்ஸியில் ஏறிக்கொண்டார்கள். கேஷியர் அம்மா மட்டும் இறங்கவில்லை. எக்ஸ்ரேக்காரர் போய் மரியாதையாகக் கதவைத் திறக்கப் பார்த்தார். அவள் உள்ளிருந்து இழுத்தாள். அவர் வெளியிலிருந்து இழுத்தார்.

'கதவு நல்ல கெட்டி' என்று நினைத்த எக்ஸ்ரேக்காரருக்கு, இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

கேஷியர் அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பின்னால் நின்ற மாமனாரைக் கண்டுபிடித்து, முகம் மலர்ந்து சொன்னாள்:

"பெரியவரே, இந்த வேலையில உங்கள அடிச்சுக்க ஆளே இல்லன்னு மதிப்புப் போட வந்த சார் சொன்னாரு, கொஞ்சம் வந்து இந்தக் கதவைப் பிடிச்சுக்கறீங்களா, நான் இறங்கணும்."